கைப்பேசிக்குள் ஒரு கடைத்தெரு

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

      

ஆண்டு விழா மேடையில் சிலப்பதிகாரம் பேசுதல் நம் மரபு. இவ்வாண்டும் அதனையே பேசுவோம் என்று எண்ணித்தான் குறிப்பெழுத அமர்ந்தோம். ஆனால் அரங்கேற்று காதையிலேயே எழுதுகோல் நின்றுவிட்டது. மாதவி ஆடி முடித்து அரசனிடம் சிறப்புப் பெற்ற பின்பு, மாலை ஒன்று விலைக்கு வருகின்றது. விலை 1008 கழஞ்சு பொன். அம்மாலையைக் கூனி ஒருத்தி கையிலேந்திச் சென்று எங்கே நிற்கின்றாள்? உழைத்துக் களைத்தவர் நடக்கும் தெருவிலா? செல்வ வீட்டு இளைஞர் உலவும் தெருவில் நிற்கின்றாள். கோவலன் வாங்குகின்றான். அவன் வாங்கியது வெறும் மாலையா? அன்று, மாதவியின் மனைக்குள் நுழையும் உரிமையை வாங்கினான். எதனை விற்பது என்பது மட்டுமன்று, எந்தத் தெருவில் நின்று விற்பது என்பதும் அவ்வீட்டார்க்கு நன்கு தெரிந்திருந்தது.

அந்தத் தெரு இன்று நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. அதனால்தான் பூம்புகாரை விட்டு, இணையவழி விளையாட்டுகளுக்குள் நடைபெறும் கடைகளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். செயலாளர் அவர்கள் முகத்தில் சிறு கலக்கம் தெரிகின்றது. இளங்கோவடிகளை முற்றும் கைவிட்டோமில்லை என்று அவர்க்கு உறுதி கூறுகின்றோம்.

மூத்தோர் பலர்க்கு இச்செய்தியே புதிதாக இருக்கும். ‘விளையாட்டு இலவசம் என்றுதானே பையன் சொன்னான்?’ என்பர். பையன் பொய் சொல்லவில்லை. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் முதலியவற்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ள ஒரு காசும் தர வேண்டா. களத்தில் இறங்கலாம், ஓடலாம், சுடலாம், வல்லவனாயின் வெல்லவும் செய்யலாம். ஆனால் உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது களமன்று, கடை. வீரனுக்குப் புத்தாடை, துப்பாக்கிக்குப் பொன் முலாம், ஊர்திக்கு வண்ணம், வெற்றி பெற்றவன் ஆடிக் காட்டும் நடனம் ஆகியவை அங்கே விலைக்கு வைக்கப்பட்டுள்ளன. பல விளையாட்டுகளில் வலிமையும் விலைக்குக் கிடைக்கும். பொருள் தந்தவன் வாள் கூர்மையாக இருக்கும், தராதவன் வாள் மழுங்கியிருக்கும்.

இவ்வாணிகம் தொடங்கிய கதை வேடிக்கையானது. 2006-ஆம் ஆண்டு ஏப்ரலில், பெத்தெஸ்டா என்னும் அமெரிக்க நிறுவனம் தன் ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக்கு அணிவிக்கும் கவசம் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றது. விளையாடுவோர் நகைத்தனர். இல்லாத குதிரைக்கு இல்லாத கவசமா என்று ஏளனம் பேசினர். ஆயினும் வாங்கினவர்களும் இருந்தார்கள். ஏளனம் மறைந்தது, வாணிகம் நின்றது. இன்று உலகில் விளையாட்டுத் தொழிலின் பெரும் வருவாய் இத்தகைய சிறு பொருள்களிலிருந்தே வருகின்றது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. விளையாடுவோருள் மிகப் பலர் ஒன்றும் வாங்குவதில்லை. மிகச் சிலரே அள்ளி அள்ளிக் கொடுக்கின்றனர். அச்சிலரைத் தொழிலார் ‘திமிங்கிலம்’ என்று குறிப்பர். திமிங்கிலம் பெருஞ்செல்வனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அடக்கிக்கொள்ள இயலாதவனாக இருந்தாலும் போதும்.

நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடினர். ஆட்டம் முடிந்தபின் சோழிகள் அத்தனையும் பழைய டப்பாவுக்கே திரும்பின. வென்றவளும் தோற்றவளும் சேர்ந்தே அடுப்படிக்குச் சென்றனர். தாயக்கட்டை விற்றவன் ஒரு முறைதான் விற்றான். ஒவ்வொரு ‘தாயம்’ விழும்போதும் வீட்டு வாயிலில் வந்து நின்று காசு கேட்டானில்லை. இன்றைய கடைக்காரனோ ஆட்டத்தின் நடுவிலேயே அமர்ந்திருக்கின்றான்.

அவன் கடையில் ரூபாய் செல்லாது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். பி.ஜி.எம்.ஐ. என்னும் விளையாட்டில் ‘யூ.சி.’ என்பது நாணயம், ஃப்ரீ ஃபயரில் ‘டயமண்ட்’, ஃபோர்ட்நைட்டில் ‘வி-பக்ஸ்’, ரோப்ளாக்ஸில் ‘ரோபக்ஸ்’. முதலில் ரூபாயைக் கொடுத்து அந்நாணயத்தை வாங்க வேண்டும். பின்னர் நாணயத்தைக் கொடுத்துப் பொருளை வாங்க வேண்டும். ஆலைச் சிற்றுண்டிச் சாலையில் டோக்கன் வாங்கி உண்டவர்கள் இந்த அவையிலே பலர் உண்டு. டோக்கன் கையில் இருக்கும்போது காசு செலவாவது போலவே தோன்றாது. அதுவே இங்கும் நடைபெறுவது. மேலும், நாணயங்கள் பொருளின் விலைக்குச் சரியாக அமையும் அளவில் விற்கப்படுவதில்லை. ஆடை ஒரு விலை, நாணயக் கட்டு வேறோர் அளவு. வாங்கியபின் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனம் வராது. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் மற்றொன்று கிடைக்குமே என்று தோன்றும். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் இதனைக் கண்டித்து, விலையை மெய்ப்பணத்திலும் காட்டுதல் வேண்டும், வேண்டாத அளவு நாணயத்தை வாங்கும்படி செய்தலாகாது என்று நெறிகள் வகுத்தன. அந்நெறிகள் நம் அல்சூர் ஏரியைக் கடந்து இன்னும் வரவில்லை.

இதனினும் கொடியது குலுக்கற் பெட்டி. ‘லூட் பாக்ஸ்’ என்றும் ‘கச்சா’ என்றும் வழங்குவர். பின்னது ஜப்பானியச் சொல். காசு போட்டுத் திருகினால் ஏதேனும் ஒரு பொம்மை விழும் இயந்திரத்தின் ஓசையிலிருந்து பிறந்தது. பெட்டியைத் திறந்தால் உயர்ந்த பொருளும் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். என்ன வரும் என்பது திறந்தபின்தான் தெரியும். அதற்குள் காசு போய்விடும். ஜப்பான் 2012-லேயே இதன் ஒரு வகையை, பல துண்டுகளைச் சேர்த்தால்தான் பரிசு என்னும் வகையை, நிறுத்தியது. பெல்ஜியம் 2018-இல் இப்பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

கொரிய நாட்டில் நடந்த செய்தியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் நம் பிள்ளைகள் ஆடும் பி.ஜி.எம்.ஐ. கொரிய நிறுவனத்தினுடையது, அந்நாடு இத்தொழிலின் தாயகங்களுள் ஒன்று. அங்கே நெக்சான் என்னும் நிறுவனம் ‘மேப்பிள் ஸ்டோரி’ என்னும் விளையாட்டை நடத்துகின்றது. 2010 மே மாதத்தில் அதில் ‘கியூப்’ என்றொரு பொருளை விற்கத் தொடங்கினர். அதனை வாங்கிப் பயன்படுத்தினால் வீரனின் கருவியில் உள்ள ஆற்றல்கள் குலுக்கல் முறையில் மாறும். நல்ல ஆற்றல் வரும்வரை மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், மக்கள் மிக விரும்பும் ஆற்றல்கள் வரும் வாய்ப்பை நிறுவனம் குறைத்தது, யாருக்கும் சொல்லவில்லை. 2011-இல் சில ஆற்றல்கள் ஒருங்கே வருதலை அறவே இல்லாமற் செய்தது. அதாவது வாய்ப்புச் சுழியம். அதனையும் சொல்லவில்லை. ஆயிரம் முறை வாங்கினும், பத்தாயிரம் முறை வாங்கினும் வாராத ஒன்றுக்காக மக்கள் பத்தாண்டுக் காலம் காசு கொடுத்தனர். வேறொரு கியூபில் உயர்நிலைக்கு ஏறும் வாய்ப்பு 100-க்கு 1.8 என இருந்ததைச் சிறிது சிறிதாக 1 என இறக்கினர். 2021-இல் விளையாடுவோர் வெகுண்டெழுந்து, மின்னெழுத்துப் பலகை பொருத்திய லாரிகளை வாடகைக்கு அமர்த்தி நிறுவனங்களின் வாயிலில் நிறுத்திய பின்னரே உண்மை வெளிப்பட்டது. (மறு ஆண்டு, குதிரைப் பந்தய விளையாட்டு ஒன்றை ஆடுவோர் தம் குறையை உணர்த்த உண்மையான குதிரை வண்டியையே அனுப்பினர்! கொரியர்க்கு நகைச்சுவை உணர்ச்சி மிகுதி.) 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையம் நெக்சானுக்கு 1,164 கோடி வோன் தண்டம் விதித்தது. அவ்வாண்டு மார்ச் முதல் ஒவ்வொரு குலுக்கற் பெட்டியின் வாய்ப்பு விகிதத்தையும் வெளியிடல் வேண்டும் என்னும் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

அவர்கள் ஏமாந்தது கல்வியறிவு இன்மையால் அன்று. படித்த, உழைக்கின்ற, கணக்குத் தெரிந்த இளைஞர்களே ஏமாந்தனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எம்மாத்திரம்?

பிள்ளை ஏன் வாங்குகின்றான்? பேராசையால் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். நம் குடியிருப்பில் நடந்தது ஒன்றைச் சொல்கின்றோம். பெயர் வேண்டா, வீடு வேண்டா. தந்தையார் பீன்யாவில் பட்டறைத் தொழிலாளி. அன்னையார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. மூத்த மகளின் பி.யு.சி. கட்டணத்திற்காக அன்னையார் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பணத்தில், நான்கு மாதத்தில் 23,400 ரூபாய் குறைந்திருந்தது. 80-ம் 160-ம் 400-மாகச் சிறுகச் சிறுகப் போயிருந்தது. எவனோ இணையத் திருடன் என்று கருதித் தந்தையார் காவல் நிலையத்திற்குப் புறப்பட்டார். அவர்க்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆதலின் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனை உடன் அழைத்துச் சென்றார். புகார்ப் படிவத்தை அந்தப் பிள்ளைதான் படித்துச் சொன்னான். “யார் மேலாவது சந்தேகம் உண்டான்னு கேட்டிருக்காங்கப்பா” என்றான். “யார் மேலயும் இல்லன்னு எழுதுடா” என்றார் தந்தை. அவன் அப்படியே எழுதினான்.

இரண்டு நாள் கழித்துத் தானே அழுது சொன்னான். தந்தையார் அவனை அடிக்கவில்லை. ஒரு நாள் முழுதும் பேசவுமில்லை. பின்பு, “எதுக்குடா வாங்கின?” என்று மட்டும் கேட்டாராம். “சும்மா குடுக்கிற சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடினா எல்லாரும் ‘பாட்’னு கூப்பிடுறாங்கப்பா” என்றானாம். ‘பாட்’ என்றால் மனிதன் அல்லாத, கணினி இயக்கும் பொம்மை வீரன். ஆடத் தெரியாதவனுக்கு இட்ட பட்டம்.

அவையோரே! அச்சொல்லை எண்ணிப் பாருங்கள். ஊர் விட்டு ஊர் வந்து, பிறர் மொழியில் பயின்று, பள்ளியில் சீருடையால் ஏற்றத்தாழ்வு மறையும் என்று நாம் நம்பியிருக்க, அவன் மாலையில் சென்று சேரும் களத்தில் சட்டையை வைத்தே தரம் பிரிக்கின்றனர். அவன் வாங்கியது துணியன்று, வண்ணமன்று. தன்னை மனிதனாக மதிக்க வேண்டும் என்னும் உரிமையை வாங்க முயன்றான். கோவலனுக்கு 1008 கழஞ்சுக்குக் கிடைத்தது போல், இவனுக்கு 23,400 ரூபாய்க்குச் சில மாத மதிப்புக் கிடைத்தது. அதற்குள் புதிய பருவம் தொடங்கிப் புதிய ஆடை வந்துவிட்டது.

பெருந்தொகை இழந்த வீடுகளும் உள. 2020-இல் பஞ்சாபின் கரார் என்னும் ஊரில் 17 வயது இளைஞன் பெற்றோர் கணக்கிலிருந்து 16 லட்சம் ரூபாயைப் பப்ஜியில் செலவிட்டான் என்னும் செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் நம் நெஞ்சை அறுப்பது மற்றொன்று. 2021 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் 13 வயதுச் சிறுவன், விளையாட்டில் 40,000 ரூபாய் போக்கிவிட்டேன் என்று அன்னையிடம் மன்னிப்புக் கேட்டு எழுதி வைத்துவிட்டு உயிர் நீத்தான். அப்பணத்தைவிடத் தன்னை இழிவாக எண்ணுமாறு அப்பிள்ளையின் நெஞ்சு எங்ஙனம் மாறிற்று? இச்செய்தியைக் கூறுவது அச்சுறுத்தற்கு அன்று. கணக்கில் பணம் குறைந்தது கண்டு வெகுளும்போது, அந்த வெகுளி யார்மேல் செல்ல வேண்டும் என்பதை நாம் ஒரு நொடி நின்று தெளிதல் வேண்டும் என்பதற்காகவே கூறினோம்.

சட்டம் என்ன செய்கின்றது என்று கேட்பீர்கள். சூது நமக்குப் புதிதன்று. வள்ளுவர் ‘சூது’ என்னும் 94-ஆம் அதிகாரத்தைக் ‘கள்ளுண்ணாமை’க்கும் ‘மருந்து’க்கும் இடையே வைத்த முறையை உரையாசிரியர் பலவாறு விளக்குவர், நமக்கோ அம்முறையே ஒரு விளக்கமாகத் தோன்றுகின்றது. தமிழகத்தில் 1968-இல் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு 2003-இல் தடை செய்யப்பட்டது. கருநாடகத்திலும் 2007-இல் நின்றது. இணையச் சூதை ஒடுக்கக் கருநாடக அரசு 2021-இல் செய்த சட்டத்தின் முதன்மையான பகுதிகளை 2022 பிப்ரவரி 14-ஆம் நாள் இம்மாநில உயர் நீதிமன்றம் செல்லாதென நீக்கியது. அதே நாளில்தான், நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி, ஃப்ரீ ஃபயர் உள்ளிட்ட 54 செயலிகளை நடுவண் அரசு தடை செய்த செய்தியும் வெளிவந்தது. பிள்ளைகள் துயருற்றார்களா? இல்லை. அதன் உடன்பிறப்பாகிய ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ தடையின்றி இருந்தது; அங்கே குடிபெயர்ந்தனர். பப்ஜி 2020 செப்டம்பரில் தடையுண்டு, 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்னும் புதுப்பெயருடன் வந்தது, 2022-இல் மறைந்தது, 2023-இல் மீண்டும் வந்தது. மாயமான் தோன்றித் தோன்றி மறைந்தது போல் இருந்தது அக்காட்சி.

பி.ஜி.எம்.ஐ. 2021-இல் வந்தபோது, 18 வயது நிரம்பாதவர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேர ஆட்டமும் 7,000 ரூபாய்ச் செலவும் எல்லை என்று வகுத்தனர். பொறுப்புணர்ச்சி என்று பாராட்டியவர்களும் உண்டு. நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு 7,000 எனில் மாதத்திற்கு 2,10,000 ரூபாய். இந்த அவையில் எத்தனை வீட்டில் அத்தொகை வருவாயாக வருகின்றது என்று கை உயர்த்தச் சொன்னால், உயரும் கைகளை எண்ணுதல் எளிது. இத்தகைய எல்லை, எல்லையன்று, திறந்த வாயில்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இசைவளித்தார். பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை அது தடுக்கின்றது. ரம்மி, கற்பனை கிரிக்கெட் முதலியவற்றை நடத்திய நிறுவனங்கள் பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்தின. இதே பெங்களூரில் ஆள்குறைப்பும் நிகழ்ந்தது. ஆனால் பணம் கட்டிப் பணமே வாராத ஆட்டங்களை அச்சட்டம் சமூக விளையாட்டு என்று வேறு பிரித்து வைக்கின்றது. எனவே ஒரு விந்தை நேர்ந்துள்ளது. போட்ட ரூபாயில் ஒன்றாவது திரும்பி வரக்கூடும் என்னும் ஆட்டம் குற்றம். ஒன்றும் ஒருபோதும் திரும்பாது என்னும் கடைக்கு வழி திறந்தே உள்ளது. வெல்லும் ஆசையே குடியைக் கெடுக்கும் என்று சட்டம் கருதுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பிள்ளைகளைக் கெடுப்பது வெல்லும் ஆசை அன்று. தோழரிடையே சிறுமைப்படாதிருக்கும் ஆசை. அதற்கு இன்னும் சட்டம் எழுதப்படவில்லை. 2023 நவம்பரில் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குவோரைச் சூழ்ச்சியால் மயக்கும் 13 வகை வணிக உத்திகளைத் தடை செய்து நெறிகள் வெளியிட்டது. ‘இன்னும் 2 மணி நேரமே’ என்று பொய்யான அவசரம் காட்டுதலும் அவற்றுள் ஒன்று. விளையாட்டுக் கடைகளின் மேல் அந்நெறியை ஏவும் வழக்கை யாரேனும் தொடுத்தால் நாட்டிற்கு நன்மையாகும். நம் சங்கத்தில் வழக்கறிஞர் மூவர் இருக்கின்றனர். அவர்கள் பக்கம் நாம் பார்க்கவில்லை என்று எண்ண வேண்டா.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. இக்கடைகளைக் கட்டுவோர் எங்கோ கொரியாவிலும் அமெரிக்காவிலும் மட்டும் இல்லை. இந்நகரிலேயே இருக்கின்றனர். ஃபார்ம்வில் புகழ் ஜிங்கா 2010-இல் இங்கு அலுவலகம் திறந்தது. ‘தீன் பத்தி கோல்டு’ என்னும் சீட்டாட்டத்தை உருவாக்கிய மூன்ஃப்ராக் இந்நகர்க் குழந்தையே. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 2021-இல் அதனை 9 கோடி டாலருக்கு வாங்கிற்று. அவ்வாட்டத்தில் ஆடும் வில்லைகளைக் காசுக்கு வாங்கலாம். நம் தந்தையர் ஐ.டி.ஐ.யிலும் எச்.ஏ.எல்.லிலும் இரும்பைச் செதுக்கினர். நம் மக்கள் சிலர் இன்று இத்தகைய அலுவலகங்களில், எந்த வண்ணப் பொத்தானை எங்கே வைத்தால் விரல் அதன்மேல் செல்லும் என்று ஆய்ந்து ஊதியம் பெறுகின்றனர். அவர்களை நாம் பழிக்கவில்லை. அவர்கள் ஊதியத்தால்தான் இவ்விழாப் பந்தலுக்கு நன்கொடை வந்தது. ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்க நமக்கு உரிமையுண்டு: தாங்கள் அமைக்கும் கடையில் தங்கள் தங்கையின் மகன் நுழைந்தால், எந்தப் பொத்தானை முதலில் நீக்குவீர்கள்? அதனை நாளை அலுவலகக் கூட்டத்தில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் நிறுவனம், குழந்தைகள் ஒரே அழுத்தில் வாங்கிவிடுமாறு பொத்தான்களை அமைத்ததற்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித்தர 2022 டிசம்பரில் உடன்பட நேர்ந்தது. ஆகவே அறத்தின் பெயரால் மட்டுமின்றி, முதலாளியின் நலத்தின் பெயராலும் அதனைச் சொல்லலாம்.

எல்லாச் செலவும் நோயாகாது என்பதையும் சொல்லிவிடல் வேண்டும். உழைத்துப் பொருளீட்டும் இளைஞன் திரைப்படத்திற்குச் செலவிடும் தொகையை மாதம் ஒரு முறை விளையாட்டில் செலவிட்டால் நாம் தலையிட ஒன்றுமில்லை. உறக்கமும் படிப்பும் கெட்டு, ஒளித்து வாங்கி, நிறுத்த முயன்றும் நிறுத்த முடியாமற் போகும் நிலை வேறு. விளையாட்டு அடிமை நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 2014-இல், நம் நிம்ஹான்ஸ் மருத்துவமனை ‘ஷட்’ என்னும் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிற்று. இந்திய நாட்டில் இத்துறையில் அதுவே முதலாவது. வெளியூரினர் தேடி வரும் அவ்விடம் நமக்குப் பேருந்துத் தொலைவில் உள்ளது. நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்னும் ‘டெலி மானஸ்’ எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இனி வீட்டில் செய்யத்தக்கன. கூகுள் பிளே கடையின் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு செய்ய இடமுண்டு. பல வீடுகளில் அது கேட்காத நிலையிலேயே இருக்கின்றது. யூ.பி.ஐ.யில் ‘லைட்’ என்னும் சிறுபை ஒன்றுண்டு. அதில் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை இரகசிய எண் இன்றியே செல்லும். காய்கறிக் கடைக்கு அது மிக வசதி. பிள்ளை கையில் தரும் கைப்பேசிக்கு ஆகாது. பணம் போய்விட்டது எனில் நாட்கடத்தலாகாது. வாங்கிய 48 மணி நேரத்திற்குள் கூகுளிடம் திருப்பிக் கேட்டல் எளிது. தம் இசைவின்றி நடந்த செலவெனில் 120 நாள்வரை முறையிடலாம். முற்கூறிய குடும்பத்தினர்க்குக் கடைசி மாதத்துப் பணம் திரும்பியது, முந்தியது திரும்பவில்லை. மகளின் கட்டணத்தைச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து கடனாகக் கொடுத்தோம். தவணை தவறாமல் வந்துகொண்டிருக்கின்றது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. முறையீட்டுக் கடிதத்தில் இதனையும் ஒரு வரி சேர்த்து எழுதுக.

ஆனால் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கடவுச்சொல்லைப் பூட்டுமுன், ஒரு மாலைப் பொழுது பிள்ளையின் அருகமர்ந்து, “அந்த ஆட்டத்தை எனக்கும் காட்டு” என்று கேளுங்கள். எது பிடிக்கும், யாருடன் ஆடுகின்றான், அவர்கள் அவனை என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்று கேளுங்கள். முற்கூறிய தந்தையார் இப்போது அவ்வாறு அமர்கின்றார். சும்மா தரும் சட்டையோடே ஆடி, விலை கொடுத்த சட்டைக்காரனை மகன் வீழ்த்தும்போது பக்கத்து வீடு கேட்கக் கைதட்டுகின்றார் என்று அன்னையார் குறைபட்டுக்கொண்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் நண்பகல் வரை, சங்க நூலகத்தின் பின்னறையில் நம் இளைஞர் இருவர் அமர்ந்திருப்பர். கைப்பேசியைக் கொண்டு வந்தால் மேற்சொன்ன அமைப்புகளைச் செய்து தருவர். பணம் இழந்தோர்க்கு முறையீடும் எழுதித் தருவர். பெயரும் வீட்டு எண்ணும் எங்கும் பதியப்பெறா. பிள்ளைகளையும் உடன் அழைத்து வருக. பெரும்பாலான வீடுகளில் கடவுச்சொல் அவர்களுக்குத்தான் தெரியும் என்பது நம் அனுபவம்.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னிருந்து கைகாட்டுகின்றனர்.